துவக்குக்கு ஒரு செம்பு ரசம்

ஒன்பது மாகாணத்திலும் துவக்குக் குழலின் உள்ளழுக்கை எடுப்பதில் ஒத்தைக்கண் நானாவை மிஞ்ச ஆள் இல்லை என்பது, நான் அவரிடமிருந்து ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. ஓட்டம் என்றால் ஓட்டம் அல்ல. கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகும் பாதையில், துணி மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று திரும்பிப் பார்க்காமல் நடக்கிற நடை. செவ்வாய்க்கிழமை காலை. மடவளை தாண்டித் திகனைக்குப் போனால் ஏதாவது வேலை கிடைக்கும் என்று எண்ணம்.

என் ஆயுளில் பாதியை நான் அப்படித்தான் நடந்து கழித்திருக்கிறேன். புசல்லாவைத் தோட்டத்திலிருந்து நடந்தேன். கப்பலுக்குக் கரி அள்ளிய வேலையிலிருந்து நடந்தேன். ஒரு நாடகக் கொட்டகையிலிருந்து வேஷத்தைக்கூடக் கலைக்காமல் நடந்தேன். அங்கெல்லாம் என்னைத் துரத்தினார்கள், இல்லாவிட்டால் பட்டினி போட்டார்கள். வெட்கப்பட ஒன்றும் இருக்கவில்லை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து மட்டும் என்னை யாரும் துரத்தவில்லை.

நானாவுக்கு இரண்டு கண்ணும் பழுதில்லை. இடது கண்ணை அவர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் திறப்பார் என்று ஊரில் பேச்சு. மகாவலி ஆற்றுப் பாலத்துக்குக் கிட்ட ஒரு ஒடுக்கமான அறை அவர் கடை. துவக்கு என்றால் துப்பாக்கி என்று அக்கரை வாசகர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். துரைமாரின் துவக்கு, ஊர் அதிகாரம் பார்க்கும் ஆராச்சிமாரின் துவக்கு, பன்றி விரட்டும் கமக்காரரின் துவக்கு எல்லாம் அங்கே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நானா குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பார். இருபது வருஷம் அப்படிப் பார்த்த பிறகு, குழல் இல்லாவிட்டாலும் உலகத்தை அப்படித்தான் பார்க்க வந்தது. மீன் வாங்கினால் மீனின் வாய்க்குள் ஒத்தைக் கண்ணால் பார்ப்பார். தம்பிக்குப் பெண் பேசப் போன வீட்டில், கையிலிருந்த கடிதத்தைச் சுருட்டி அதன் வழியாகப் பெண்ணின் வாப்பாவைப் பார்த்துவிட்டு, "துரு இல்ல, எடுக்கலாம்" என்றாராம். கலியாணம் நடந்தது.

ஒரு வருஷம் கண்டிப் பெரஹெர ஊர்வலம் பார்க்கப் போயிருக்கிறார். யாருக்கோ கொடுக்க வேண்டிய ஒரு குழல் கையில் இருந்தது. பெரிய யானை வந்ததும் பழக்கதோஷத்தில் குழலைத் தூக்கிக் கண்ணில் வைத்துவிட்டார். பொலிஸ்காரன் ஒருவன் பாய்ந்து பிடித்தான். நானா பதறவில்லை. குழலை அவன் கண்ணிலேயே வைத்து, யானையின் காதுக்குப் பின்னால் எவ்வளவு அழுக்கு என்று காட்டினார். பொலிஸ்காரன் பார்த்தான். பக்கத்தில் நின்றவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கடைசி யானை போகும்வரை அந்த இடத்தில் ஒரு வரிசை நின்றது. வரிசையை ஒழுங்குபடுத்தியவன் அந்தப் பொலிஸ்காரன். இதை எனக்குச் சொன்ன பதினைந்து பேரும் வரிசையில் இரண்டாவதாக நின்றவர்கள்.

குழல் துடைக்க அவருக்குப் பழைய சாரத் துணிதான், அதாவது இடுப்பில் கட்டும் லுங்கித் துணிதான் வேண்டும். புதுத் துணி திமிர் பிடித்தது, அழுக்கை எடுக்காது, தள்ளும் என்பார். வருகிறவர்களுக்கு ஸலாம் சொல்லும்போதே அவர்களின் சாரத்து ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "இன்னும் ஆறு மாசம் கட்டுங்க, பொறகு பேசுவம்" என்பார். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் இருப்பதில் புதிய சாரத்தைக் கட்டிக்கொண்டு வருவார்கள். என்னுடைய இரண்டாவது சாரம் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே குழலுக்குள் போய்விட்டது.

துடைத்த துணித்துண்டுகளை, அவர் வாயில் சீலைகளை, எறியமாட்டார். கடை வாசலில் கொடி கட்டி வரிசையாகத் தொங்கவிடுவார். முதல் சீலை தார் மாதிரி இருக்கும். பிறகு சாம்பல் நிறம், பிறகு மஞ்சள். கடைசிச் சீலை மையித்தை அடக்கும்போது போர்த்துகிற துணிபோல வெள்ளையாக வந்தால்தான் துவக்கு கடையைவிட்டு வெளியே போகும். அவருக்குக் கை கொஞ்சம் நடுங்கும். அது அவர் புழங்குகிற மருந்தால் வந்தது என்று ஊரில் சொன்னார்கள். மற்றவனின் அழுக்கைப் பார்த்து வருகிற கோபம் என்று நானா சொன்னார்.

நான் வேலை கேட்டுப் போனபோது எனக்கு வயது முப்பத்துநாலு. அவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். ஒரு குழலைக் கையில் தந்து, "என்ன தெரியுது?" என்றார். எனக்குத் துவக்கைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

"வெளிச்சம் தெரியுதுங்க" என்றேன்.

நானா என்னை ஒத்தைக் கண்ணால் பார்த்தார். "இந்தக் கேள்விய இதுவரைக்கும் ஒம்பது பேர்ட்ட கேட்டிரிக்கன். எல்லாரும் ஈயம் தெரியுது, துரு தெரியுது எண்டுதான் சொன்னாங்க. அது ஒண்டுமில்லாத குழல். நீங்க ஒராள்தான் பொய் சொல்லாத மனுசன். எந்த ஊர்?"

புசல்லாவை என்றேன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் புசல்லாவை. ஆனால் வருகிற ஆட்களிடம் அவர் என்னைக் காட்டிச் சொன்னது வேறு. "இவர்தான் பொய் சொல்லாத மனுசன்." அதுவரை எனக்கு யாரும் பட்டம் தந்ததில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அது உண்மை என்று தோன்றத் தொடங்கிவிட்டது.

திகனையில் ஒரு முதலாளி, சீமைக்குத் திரும்பிப் போகும் ஒரு துரையின் சாமான்கள் ஏலத்தில் போனபோது, ஒரு ரெட்டைக்குழல் துவக்கை எடுத்துவிட்டார். வெளியே பார்த்தால் கலியாண மாப்பிள்ளை. உள்ளே பார்த்தால், துரை அதைச் சுட்டிருக்கிறாரே தவிர ஒருநாளும் துடைத்ததில்லை. எரிந்த வெடிமருந்து கருங்கல்லாக இறுகிக் கிடந்தது. அதன் அடியில் ஈயம் கோடு கோடாகப் படிந்திருந்தது. கண்டியில் மூன்று பேர் கையை விரித்த பிறகு அது நானாவிடம் வந்தது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பெருநாளில்கூட நான் பார்த்ததில்லை.

நாலு நாள் அதனோடு மல்லுக்கட்டினோம். கொதிநீர், மண்ணெண்ணெய், பித்தளைக் கம்பித் தூரிகை, தேங்காய்த் தும்பு, சலித்த சாம்பல், தேங்காயெண்ணெய், சோறு வடித்த கஞ்சி. ஒன்றும் பலிக்காத அன்று ஒரு தரம் தேசிக்காயைக்கூட, அதாவது எலுமிச்சையைக்கூட எடுத்து, முகர்ந்து பார்த்து, திரும்ப வைத்தார். நான் இழுத்தேன், அவர் பார்த்தார். கொடியில் இடமில்லாமல் சீலைகள் ஜன்னல் கம்பிக்கு ஏறின. நாலாம் நாள் கருமை போனது. ஈயக் கோடுகள் மட்டும் அசையவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலுக்கு நேரமாகிவிட்டது. நானா தொப்பியைத் தேடிக்கொண்டே சொன்னார். "இதுக்கு இனி ரசம்தான். ரெண்டு குழல் வாயையும் கார்க்கால இறுக்கிட்டு ஊத்தி வைங்க. ரசம் பக்கத்துல இரிக்கி. நான் ஜும்மா தொழுதிட்டு வந்து ஆட்டிக்கிறன்."

பக்கத்தில் இருந்தது யாழ்ப்பாணத்து அண்ணரின் சைவச் சாப்பாட்டுக் கடை.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நாலு நாளாக அந்தக் குழலுக்குள் கஞ்சியும் சாம்பலும் எண்ணெயும் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பித்தளைச் சாமானைப் புளியால் விளக்குவதை யார்தான் பார்த்ததில்லை. குழலுக்குள் ரசம் போனால் என்ன தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய் ரசம் கேட்டேன்.

"சாப்பாட்டுக்கோ?" என்றார் அண்ணர்.

"இல்லீங்க, துவக்குக்கு."

"ஏன், துவக்குக்குத் தும்மலும் தடிமனுமோ?" அண்ணர் அடியில் இருந்து கலக்கி அள்ளினார். "அப்ப மிளகு கூடத் தேவை. நிண்டு எடுத்துக்கொண்டு போம்."

இரண்டு குழலும் நிறைந்து, செம்பில் இரண்டு மிடறு மிஞ்சியது. அதை நான் குடித்தேன். நல்ல ரசம்.

நானா தொழுதுவிட்டு வரவில்லை. மடவளையில் அவருடைய சாச்சி, சின்னம்மா முறை, மௌத்தாகிவிட்டார், அடக்கம் செய்ய வேண்டும் என்று ஆள் வந்து, பள்ளியிலிருந்தே போய்விட்டாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வருவார் என்றார்கள். நல்லதுதான், நன்றாக ஊறட்டும் என்று நான் விட்டுவிட்டேன். சனிக்கிழமை முழுவதும் கடையில் ஒரு புளித்த வாசனை இருந்தது. வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மேசையைத் துடைக்கப் போனேன். குழலைப் பிடிக்கிற இரும்புப் பிடிக்குப் பக்கத்தில், ஒரு சீலைக்கு அடியில், உள்ளங்கை அளவு போத்தல் ஒன்று இருந்தது. எடுக்கப் பார்த்தால் மேசையோடு ஆணி அடித்ததுபோலக் கனத்தது. உள்ளே வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல ஒரு நீர். ஆட்டினால் முத்து முத்தாக உடைந்தது, பிறகு ஒன்றாகச் சேர்ந்தது. முகம் பார்க்கிற கண்ணாடியில் ரசம் போய்விட்டது என்று நானே எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். பாதரசம். ஈயத்தைக் கரைத்துத் தனக்குள் இழுத்துக்கொள்கிற ரசம். அது பக்கத்தில்தான் இருந்தது. மேசைப் பக்கத்தில்.

கார்க்கைப் பிடுங்கினேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. அதன் பின்னாலேயே ஒரு கறிவேப்பிலை வந்தது. குழலைத் தூக்கிப் பார்த்தேன். அம்மை போட்ட முகம் மாதிரி உள்ளே முழுதும் துருவும் பள்ளமும். ஈயக் கோடுகள் மட்டும் முன்னைவிடப் பளபளப்பாக இருந்தன.

கழுவினேன், துடைத்தேன், எண்ணெய் போட்டேன். கறிவேப்பிலையை மகாவலியில் எறிந்தேன். குழலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, வாசலைக் கூட்டத் தொடங்கினேன். வாசலைக் கூட்டச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவில்லை.

நானா வந்தார். சாச்சியின் வீட்டுத் துக்கம் முகத்தில் இருந்தது. நேரே போய்க் குழலைத் தூக்கினார். வழக்கத்தைவிட நேரம் பார்த்தார். பிறகு இடது கண்ணையும் திறந்தார். போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு சொட்டும் குறையவில்லை.

"புசல்லாவ" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ரசம் ஊத்துங்க எண்டு உங்களுக்குச் சொன்ன மாதிரித்தான் எனக்கு ஞாபகம். ஆனா போத்தல் அப்பிடியே இரிக்கி. அப்ப நான் அத உங்களுக்குச் சொல்லவே இல்ல. சுடுதண்ணிய ஊத்திட்டு, வடிக்க மறந்து, அப்பிடியே பள்ளிக்குப் போயிட்டன். அப்பிடித்தானா?"

நான் சொன்னேன்: "ம்."

அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பில் எனக்கு மிஞ்சிய படிப்பில் ஒன்று, புள்ளி வைத்த எழுத்துக்கு மெய்யெழுத்து என்று பெயர், அதைச் சொல்ல அரை மாத்திரை போதும் என்பது. மெய்யெழுத்தை வைத்தே பொய் சொல்லலாம் என்று வாத்தியார் சொல்லித் தரவில்லை. அதை நானாகக் கண்டுபிடித்தேன்.

திங்கட்கிழமை நானா கொடியை அவிழ்த்துச் சீலைகளை எல்லாம் மடித்து வைத்தார். துவக்கு கொண்டுவந்த இரண்டு பேரை, தன் ஞாபகம் குழம்பிவிட்டது, வேறு ஆளைப் பாருங்கள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். ஒருவன் அவர் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, தெரிந்தமாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு போனான். பின்னேரம் என்னிடம், "நான் அஸர் தொழுதனா?" என்று கேட்டார். தொழுதீர்கள் என்றேன். சற்று நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் மூட்டையைக் கட்டினேன்.

மடவளையில் வெயில் ஏறிவிட்டது. ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். நானாவின் மச்சான் அவர், ஒரு தரம் கட்டுகஸ்தோட்டைக்கு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் நினைவு வந்தது. எழுந்து போக நேரமில்லை.

"நீங்கதானே பொய் சொல்லாத மனுசன்?" என்றார். கருப்பட்டித் துண்டு வைத்துத் தேத்தண்ணி தந்தார். என்னைத் தேடி அவரே வர இருந்தாராம். நேற்று மாலை நானாவிடமிருந்து ஆள் வந்ததாம். இந்த வியாழக்கிழமையோடு கடையை மூடுகிறார், இனித் துவக்கில் கை வைத்தால் மறதியில் யாரையாவது சாகக் கொடுத்துவிடுவேன் என்று பயப்படுகிறார், மடவளைக்கு வந்து தேத்தண்ணிக் கோப்பை கழுவுகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

"நான் இதுவரைக்கும் அந்த மனுசன் அழுது கண்டதில்ல" என்றார் மச்சான். "சாச்சிட ஜனாஸாவிலயும் அழல்ல. நேத்து அழுதாராம் எண்டு வந்த ஆள் சொன்னான். எனக்கிட்ட ஒண்டே ஒண்டுதான் கேட்டு அனுப்பினார். கடைய மூடினா புசல்லாவைக்கு வேல இல்லாமப் போகும், நம்பத் தகுந்த ஆள், திகனப் பக்கம் ஒரு எடம் பாத்துக் குடு எண்டு."

கருப்பட்டித் துண்டைக் கடித்தேன். பட்டினியை விழுங்கியிருக்கிறேன், அடியை விழுங்கியிருக்கிறேன். அந்தக் கருப்பட்டியை என்னால் விழுங்க முடியவில்லை. கோப்பையை வைத்துவிட்டு வந்த வழியே நடந்தேன். மனசாட்சி உறுத்தித் திரும்பினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த மச்சான் கடையில் நான் ஒதுங்காமல் இருந்திருந்தால், இந்நேரம் திகனையில்தான் இருந்திருப்பேன்.

நானா மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செம்பு, கார்க், கறிவேப்பிலை, கடைசியில் அந்த "ம்" வரைக்கும். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, கையை என் தோளில் வைத்தார்.

"எனக்காகப் பொய் சொல்றீங்க. வேணாம் புசல்லாவ. பழகிராதீங்க."

என் வாழ்க்கையில் நான் உண்மை சொல்லி யாரும் நம்பாமல் போனது பலமுறை. இப்படி ஒரு காரணத்துக்காக நம்பாமல் போனது அந்த ஒரு தடவைதான்.

"மொளகு ரசம்ங்க நானா. அண்ணர் கடை ரசம்."

"கொழலுக்குள்ள மொளகு ரசம் ஊத்துற மனுசன் துனியாவுல இரிக்கானா? கொஞ்சம் நம்புற மாதிரியாவது சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குழலை எடுத்து அவர் மடியில் வைத்து, எங்கேயாவது ஒரு கடுகாவது மாட்டியிருக்கும், நீங்களே பாருங்கள் என்றேன். நானா என் மனசுக்காகப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. நான்தான் நன்றாகக் கழுவியிருந்தேனே. பிறகு, சுட்ட தோட்டாவை வெளியே தள்ளுகிற சின்ன இரும்பு நாக்கைக் கழற்றினார். அதன் அடியில், எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, கறுப்பாக உருண்டையாக ஒன்று இருந்தது.

"சன்னம்" என்றார். குருவி சுடுகிற ஈயக்குண்டுக்கு அந்தப் பெயர்.

"கடிச்சுப் பாருங்க."

ஈயம் பல்லில் நசுங்கும். அவருக்குத் தெரியாததல்ல. இடது கண்ணை மூடிக்கொண்டு முன்பல்லில் வைத்துக் கடித்தார். டிக்கென்று உடைந்தது. நானா மெல்ல மென்றார். ஒரு கடுகை அவ்வளவு நேரம் மென்ற மனிதரை நான் பார்த்ததில்லை.

"கடுகு" என்றார். பிறகு, "அப்ப நான் மறக்கல்ல" என்றார். பிறகு எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "உங்களுக்கு ரசம் ஊத்தச் சொன்னன்தானே. நான் மறக்கல்லதானே" என்றார். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. இரண்டும் நனைந்திருந்தன.

அதன் பிறகு பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரம் வரைக்கும் என்னைத் திட்டினார். அதில் பாதி எழுதக்கூடாதது. மீதிப் பாதி அரபு. நடுவில் மடித்துவைத்த சீலைகளை எடுத்து வந்து, திட்டிக்கொண்டே கொடியைக் கட்டினார். முதலாளிக்கு ஆள் அனுப்பி, பள்ளத்தைத் தேய்த்து எடுக்க இன்னும் ஒரு மாசம் வேண்டும், நடந்ததை நேரில் வந்தால் சொல்வேன், உட்கார்ந்துகொண்டுதான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கடைசியில் என்னிடம், இனிமேல் உங்கள் கை என் துவக்கில் படக்கூடாது என்றார். நியாயம்தான். மூட்டை அவிழாமலே இருந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பக்கத்துக் கடை வாசலில் யாழ்ப்பாணத்து அண்ணர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். "நான் பகிடி, சும்மா விளையாட்டு எண்டெல்லோ நினைச்சனான்" என்றார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டில் தோள் குலுங்கியது. "ரசம் என்ர ரசம். எனக்கும் அதில பங்கிருக்கு. விடிய வாரும், புளி கரைக்க ஆள் இல்லை."

மறுநாள் காலையில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்குப் பின்னால், ஒரு பெரிய சட்டிக்கு முன்னால் குந்தியிருந்து புளியைப் பிசைந்துகொண்டிருந்தேன். நிழல் விழுந்தது. நானா நின்றார். கையில் முதலாளியின் ரெட்டைக்குழல். குழலைத் தூக்கி, இடது கண்ணை மூடி, அதன் வழியாக என்னைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"என்ன தெரியுதுங்க?" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை.

"பள்ளம் இரிக்கி" என்றார். குழலைக் கொஞ்சம் திருப்பினார். "வெளிச்சமும் இரிக்கி."

குழலை என் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்தார். அதன் மேல் ஒரு பழைய சீலையைப் போட்டார். என் இரண்டாவது சாரத்தில் மிஞ்சிய துண்டு அது. புளி வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவிவிட்டு அதைக் குழலுக்குள் விட்டு இழுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சட்டிக்குள் கையை விட்டுக் கொட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.